யாரும் பார்க்காத நட்சத்திரங்கள்: இரண்டு சிறு நூல்களை முன்வைத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு பம்ப் உடைந்தது. பம்ப் என்றால் ஒரு நாள் உடையத்தான் செய்யும், அது பெரிய விஷயமில்லை. பிறகு பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. உடைவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அதன் அதிர்வுமானி விட்டுவிட்டு அலாரம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான். நைட் ஷிப்டில் இருந்தவர்கள் பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு முறை அழுத்தியவன் நான். ‘சென்சார் கோளாறு’ என்று என் கையால் எழுதியும் வைத்திருக்கிறேன்.

அந்த உறுத்தலோடு இருந்த மாதங்களில்தான் ஜோஷுவா புளூம் எழுதிய ‘வாட் ஆர் காமா-ரே பர்ஸ்ட்ஸ்?’ என்ற சிறிய நூலை வாசித்தேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2011-இல் வெளியிட்டது. அதே வரிசையில் ஓராண்டு முன்னதாக வந்தது ஏவி லோப் எழுதிய ‘ஹவ் டிட் த ஃபர்ஸ்ட் ஸ்டார்ஸ் அண்ட் கேலக்சீஸ் ஃபார்ம்?’. முதல் நூலின் கடைசிப் பகுதி எங்கே போய் நிற்கிறதோ, அங்கேதான் இரண்டாவது நூலின் மையம் இருக்கிறது. பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்களை எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி அது. ஒரே வரிசை, ஒரே காலம், கிட்டத்தட்ட ஒரே கேள்வி. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் அறிவியலை எழுதுவதில் இரண்டு வேறு மனங்கள் இருப்பது தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அலாரத்தை அழிக்காதவர்கள்

கதை தொடங்குவது வானியலில் இல்லை, உளவு பார்ப்பதில். 1963-இல் அணுகுண்டுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. விண்வெளியில் யாரும் திருட்டுத்தனமாகக் குண்டு வெடிக்கிறார்களா என்று பார்க்க அமெரிக்கா ‘வேலா’ என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியது. அணுகுண்டு வெடித்தால் காமாக்கதிர் வரும், அதைப் பிடிப்பதே அவற்றின் வேலை. 1967 ஜூலை 2-ஆம் தேதி வேலாவில் ஒரு காமாக்கதிர்த் துடிப்பு பதிவானது. அது அணுகுண்டின் வடிவத்தில் இல்லை. சூரியனிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை.

லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளீபெசடெல் குழு அதை ‘சென்சார் கோளாறு’ என்று எழுதி மூடவில்லை. எடுத்து வைத்தார்கள். நேரத்தை இன்னும் துல்லியமாக அளக்கும் அடுத்த தலைமுறை வேலாக்கள் போகும்வரை பொறுத்தார்கள். ஒரே துடிப்பு வெவ்வேறு செயற்கைக்கோள்களை எந்தெந்தக் கணத்தில் தொட்டது என்று ஒப்பிட்டால், அது வந்த திசையைத் தோராயமாகக் கணிக்கலாம். அப்படி 1969 முதல் 1972 வரை பதிவான 16 வெடிப்புகள் பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று 1973-இல் அறிவித்தார்கள்.

முதல் அலாரத்துக்கும் அறிவிப்புக்கும் நடுவில் ஆறு வருடம். எனக்கு இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்தது விஞ்ஞானிகளுக்கு அவ்வளவு பெருமை தரும் கதை இல்லை. என்னவென்று தெரியாத ஒன்றுக்கு விளக்கம் சொல்ல எல்லாரும் வரிசையில் நின்றார்கள். 1994-இல் ராபர்ட் நெமிராஃப் அந்த விளக்கங்களைத் தொகுத்தபோது பட்டியல் நூற்றைத் தாண்டியது. நூற்றுக்கு மேற்பட்ட கோட்பாடுகள் இருந்தன, ஆனால் ஒரு வெடிப்புக்குக்கூடத் தூரம் தெரியாது! பக்கத்துத் தெருவில் வெடித்த பட்டாசா, பக்கத்து நாட்டில் வெடித்த குண்டா என்பதே தெரியாமல் வெடிமருந்தின் எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மாதிரி.

1991-இல் காம்ப்டன் விண்ணோக்ககம் மேலே போனது. அதிலிருந்த ‘பேட்சி’ கருவி நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வெடிப்புகளைப் பிடித்தது. அவை வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தன. நம் பால்வீதியின் தட்டிலிருந்து வந்திருந்தால், இரவில் பால்வீதி தெரிகிற அந்தப் பட்டையை ஒட்டிக் குவிந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அப்போதும் சண்டை ஓயவில்லை. 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் ஒரு பொது விவாதமே நடந்தது. இவை பிரபஞ்சத்தின் தொலைதூரத்திலிருந்து வருகின்றன என்றார் போதான் பச்சின்ஸ்கி. இல்லை, நம் பால்வீதியைச் சுற்றியுள்ள பெரிய வளையத்திலிருந்துதான் என்றார் டொனால்ட் லேம்ப். அன்று யாரும் ஜெயிக்கவில்லை.

தீர்ப்பு 1997-இல் வந்தது. இத்தாலி–நெதர்லாந்து கூட்டுச் செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ், பிப்ரவரி 28-ஆம் தேதி நடந்த ஒரு வெடிப்புக்குப் பிறகு அதே இடத்தில் மெல்ல மங்கிக்கொண்டிருந்த எக்ஸ்-கதிர் ஒளியைப் பிடித்தது. இதைப் பின்னொளி என்கிறோம். அதே ஆண்டு மே 8-ஆம் தேதி வெடிப்பின் பின்னொளியைக் கெக் தொலைநோக்கியில் நிறமாலையாகப் பிரித்தபோது செம்பெயர்ச்சி குறைந்தது 0.835 என்று தெரிந்தது. பல நூறு கோடி ஒளியாண்டுத் தூரம். பச்சின்ஸ்கி சொன்னது சரி. கோட்பாட்டுப் பட்டியலில் பெரும்பகுதி குப்பைக்கூடைக்குப் போனது.

புளூம் இந்த ஆண்டுகளில் கால்டெக்கில் ஆய்வு மாணவராக இத்துறைக்குள் வந்தவர், இப்போது பெர்க்லியில் பேராசிரியர். அந்தக் கலவரத்தின் வெப்பம் அவர் நூலில் இருக்கிறது. தவறிப்போன விளக்கங்களை அவர் கேலி செய்வதில்லை. அந்தத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஏன் அப்படி நினைத்தார் என்பதை விளங்க வைக்கிறார். நூலின் பெரிய பலம் இதுதான்.

ஒரு சொல்லின் சிக்கல்

இங்கே தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘பர்ஸ்ட்’ என்பது கருவி பார்த்ததன் பெயர். திடீரென்று கதிர் பீறிட்டு வந்தது, அவ்வளவுதான். ஏன் வந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. நாம் அதை ‘வெடிப்பு’ என்று தமிழில் எழுதிவிட்டோம். 1973-இல் அது வெடிப்பா என்று யாருக்கும் தெரியாது. ‘காமாக்கதிர்ப் பீறல்’ என்று எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். பழகிவிட்ட சொல் என்பதால் நானும் வெடிப்பு என்றே எழுதுகிறேன். ஆனால் பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே சொல்லில் கலந்துவிடும் இந்தப் பழக்கம் மொழிபெயர்ப்பில் மட்டும் நடப்பதில்லை. லோப் நூலுக்கு வரும்போது இது திரும்ப வரும்.

ஏன் இது நல்ல விளக்கு

இரண்டு நூலாசிரியர்களும் சேருகிற இடத்துக்கு வருவோம். நீண்ட வகைக் காமாக்கதிர் வெடிப்பு, அதாவது இரண்டு விநாடிக்கு மேல் நீடிப்பது, பெரும்பாலும் ஒரு பெருநட்சத்திரத்தின் சாவு. நடுப்பகுதி இடிந்து கருந்துளையாகும்போது, கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் இரண்டு துருவங்களிலும் தாரை பீய்ச்சுகிறது. நம் பக்கம் திரும்பியிருக்கும் தாரைதான் நமக்கு வெடிப்பாகத் தெரிகிறது. 2003 மார்ச் 29-ஆம் தேதி வெடிப்பின் பின்னொளிக்குள்ளேயே ஒரு சூப்பர்நோவாவின் நிறமாலை தெளிவாக எழுந்துவந்தபோது இந்த உறவு உறுதியானது.

சரி, ஒரு நட்சத்திரம் சாவதை வைத்து ஆதிப் பிரபஞ்சத்தை எப்படிப் படிப்பது? மூன்று காரணங்கள்.

முதலாவது, பிரகாசம். 2008 மார்ச் 19-ஆம் தேதி ஒரு வெடிப்பின் ஒளி சுமார் 750 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தும், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே அரை நிமிட நேரம் தெரியக்கூடிய அளவுக்கு இருந்தது. ஆதி காலத்து விண்மீன் மண்டலங்கள் சின்னவை, மங்கலானவை. குவேசார்களுக்கு இராட்சசக் கருந்துளை வளர வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். ஒற்றை நட்சத்திரத்துக்கு இந்தக் கவலை இல்லை. அது குடிசையில் செத்தாலும் மாளிகையில் செத்தாலும் ஒரே வெளிச்சம்தான்.

இரண்டாவது, சுத்தம். பின்னொளியின் நிறமாலை மேடுபள்ளம் இல்லாத வழவழப்பான சரிவு. வழியில் இருக்கும் ஹைட்ரஜன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் அந்தச் சரிவில் தத்தம் கோட்டை வெட்டிவிட்டுப் போகும். வெள்ளைத் தாளில் விழுந்த மை மாதிரி, எது தாள் எது மை என்ற குழப்பம் குறைவு. பெருவெடிப்பில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் லித்தியம். மற்ற பாரமான தனிமங்களெல்லாம் பிறகு நட்சத்திரங்கள் வாழ்ந்து செத்து வந்தவை. ஆகவே ஒரு பின்னொளியில் ஆக்சிஜன் கோடு இருந்தால், அங்கே அதற்கு முன்பே ஒரு தலைமுறை செத்திருக்கிறது என்று பொருள். கோடே இல்லாத இடம் கிடைத்தால்? முதல் தலைமுறையின் வாசலில் நிற்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் மட்டுமல்ல, நேரமும் நீளும். செம்பெயர்ச்சி 9 என்றால் பத்து மடங்கு. வெடித்து ஒரு மணி நேரம் கழித்து நாம் தொலைநோக்கியைத் திருப்புகிறோம். ஆனால் அங்கே ஆறு நிமிடம்தான் ஆகியிருக்கும். பின்னொளி வேகமாக மங்குவது. ஆறாவது நிமிடத்தில் அது ஒரு மணி நேரத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பிரகாசம். தூரம் எடுத்துக்கொள்வதை நேரம் திருப்பித் தருகிறது. 2000-ஆம் ஆண்டிலேயே பெனெடெட்டா சியார்டியுடன் சேர்ந்து லோப் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தக் கணக்கை விரிவாகப் போட்டிருக்கிறது. தூரம் கூடக்கூட மங்கலாகும் என்றுதான் நாம் எல்லாவற்றிலும் பழகியிருக்கிறோம். இங்கே அந்த விதி பாதி தளர்ந்துவிடுகிறது.

நடந்தது, நடந்திருக்கும்

லோப் நூல் ஒரு கோட்பாட்டாளரின் நூல். பிரபஞ்ச மாதிரி, முதல் வாயு மேகங்கள், முதல் நட்சத்திரங்கள், கருந்துளைகள், பிறகு ஹைட்ரஜன் மூட்டம் எப்படிக் கலைந்தது என்று வரிசையாகப் போகிறது. ஒரு சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் அழகு அதில் உண்டு. முதல் மேகங்களில் பாரமான தனிமம் இல்லை, எனவே வெப்பத்தை வெளியேற்ற மூலக்கூறு ஹைட்ரஜன் என்ற ஒரே சுமாரான வழிதான். எனவே மேகம் அதிகம் குளிராது. எனவே சின்னச் சின்னதாக உடையாது. எனவே முதல் நட்சத்திரங்கள் கனமாகப் பிறந்திருக்கும், சூரியனைப் போலப் பத்துகள் முதல் நூற்றுக்கணக்கான மடங்கு வரை. இந்த ‘எனவே’க்களை வாசிப்பது ஒரு நல்ல சர்க்யூட் வரைபடத்தைப் படிப்பது போன்ற சுகம்.

அந்த வாரக்கடைசியில் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் ரொம்ப உற்சாகமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டார். கடைசியில், “சரிடா, அத யாரு பாத்தா?” என்றார்.

“யாரும் பாக்கலமா. கணக்கு.”

“பாக்காமலே பாத்த மாதிரி சொல்ற!”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் திரும்பி வந்து லோப் நூலை எடுத்தபோது அம்மாவின் கேள்வி கூடவே வந்தது. அந்தக் கேள்வியோடு படித்தால் நூலின் குறை தெரிகிறது. அளந்து அறிந்த பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியும், கணினியில் மட்டும் பிறந்த முதல் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. கணிப்பு எது, அவதானிப்பு எது என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆங்காங்கே சொல்லவும் செய்கிறார். ஆனால் வாக்கியத்தின் வேகம் அதை மறக்கடிக்கிறது. கணக்கின் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நிச்சயமின்மை சேர்கிறது. பத்துப் படி ஏறிய பிறகு எவ்வளவு சேர்ந்தது என்று பொறியாளன் கேட்பான். நூல் அந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

தமிழில் இதற்கு வசதி உண்டு. ‘பிறந்தது’ வேறு, ‘பிறந்திருக்கும்’ வேறு, ‘பிறந்திருக்க வேண்டும்’ வேறு. வினைமுற்றிலேயே சொல்பவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதைக் காட்டிவிடலாம். ஆனால் நம் நாளிதழ்களிலும் வாட்சாப்பிலும் வரும் அறிவியல் செய்திகள் எல்லாவற்றையும் ‘பிறந்தது’ ஆக்கிவிடுகின்றன. கையில் கருவி இருந்தும் பயன்படுத்தாத குற்றம் நம்முடையது.

லோப் பின்னாளில் வேற்றுலக நாகரிகம் பற்றிச் சொன்னவற்றால் சர்ச்சைக்குரியவராகிவிட்டார். அதை வைத்து இந்தப் பழைய நூலைத் தள்ளுவது நியாயமில்லை. இது உழைப்புள்ள நூல். என் புகார் குரலைப் பற்றியது மட்டுமே.

புளூமிடமும் புகார் உண்டு. அவர் நூலில் அலகுகளும் குறியீடுகளும் முன்னறிவிப்பில்லாமல் வந்து விழுகின்றன. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த எனக்கே பல இடங்களில் பேப்பரும் பேனாவும் தேவைப்பட்டன. படிவம் ஆறில் கலை படித்த ஒருவர் நாற்பது பக்கத்தில் நின்றுவிடுவார் என்று பயப்படுகிறேன். அறிமுக நூல் என்ற பெயருக்கு இது நெருடல்தான்.

பத்து விநாடி

இரண்டு நூல்களுக்கும் பின்னால் நிற்கும் நாள் ஒன்று உண்டு. 2009 ஏப்ரல் 23. 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் சிம்மராசிப் பக்கமிருந்து சுமார் பத்து விநாடி நீடித்த ஒரு வெடிப்பைப் பிடித்தது. ஸ்விஃப்டின் திறமையே, வெடிப்பைக் கண்டதும் தானாகவே திரும்பித் தன் மற்றத் தொலைநோக்கிகளை அங்கே குறிவைப்பது, உடனே தரைக்குத் தகவல் தருவது. எக்ஸ்-கதிரில் பின்னொளி தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றுமே இல்லை. ‘ஒன்றுமில்லை’ என்று மூடியிருக்கலாம். மூடவில்லை. அகச்சிவப்பில் பார்த்தார்கள், இருந்தது.

காரணம் எளிது. நடுநிலை ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை விழுங்கிவிடும். அந்த விளிம்பு இங்கே சுமார் 1,120 நானோமீட்டருக்கு நகர்ந்திருந்தது. செம்பெயர்ச்சி 8.2, நீட்சி 9.2 மடங்கு. பெருவெடிப்புக்குச் சுமார் 63 கோடி ஆண்டுகளில் செத்த ஒரு நட்சத்திரம். நமக்குப் பத்து விநாடியாகத் தெரிந்தது அங்கே ஒரு விநாடி சொச்சம். அதுவரை மனிதர் தூரம் அளந்த பொருள்களிலேயே அதிகத் தொலைவில் இருந்தது அதுதான்.

அன்றைய உற்சாகத்தில் இரண்டு நூல்களும் எழுதப்பட்டிருக்கின்றன. இனி வெடிப்புகள் முதல் நட்சத்திரங்கள்வரை வழி காட்டும் என்ற நம்பிக்கை இரண்டிலும் உண்டு. பதினைந்து வருடம் கழித்து வாசிக்கும் நமக்கு மீதிக் கதை தெரியும், அதனால் தீர்ப்புச் சொல்வது சுலபம். கணக்கை மட்டும் வைக்கிறேன். ஸ்விஃப்ட் ஆயிரத்துக்கும் அதிகமான வெடிப்புகளைப் பிடித்துவிட்டது. செம்பெயர்ச்சி 8-ஐத் தாண்டியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். முதல் தலைமுறை நட்சத்திரத்தின் வெடிப்பு என்று உறுதியானது ஒன்றுகூட இல்லை. தாரை நம் பக்கம் திரும்ப வேண்டும், அகச்சிவப்புத் தொலைநோக்கி அந்த மணி நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும், அங்கே வானம் தெளிவாக இருக்க வேண்டும். அதோடு முதல் நட்சத்திரங்களின் தடித்த ஹைட்ரஜன் போர்வையைத் தாரை கிழித்து வெளியே வருமா என்பதும் கணக்கில்தான் இருக்கிறது.

இதற்கிடையே ஜேம்ஸ் வெப் வந்து வேறு வழியில் முந்திக்கொண்டது. பெருவெடிப்புக்குச் சுமார் 30 கோடி ஆண்டுகளில் இருந்த ஒரு மண்டலத்தை 2024-இல் அறிவித்தார்கள். மங்கலாக இருக்கும் என்று நினைத்தவை எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தன. அப்படியானால் விளக்கு வீணா? இல்லை. அந்த மண்டலத்திலேயே 2025-இல் ஆக்சிஜன் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு சீக்கிரத்திலும் ஏற்கனவே ஒரு தலைமுறை செத்துவிட்டது! முதல் நட்சத்திரங்கள் இன்னும் பின்னால் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டக்கூடியது இப்போதும் ஒரு நட்சத்திரத்தின் சாவுதான்.

2025 மார்ச் 14-ஆம் தேதி, சீன–பிரெஞ்சு செயற்கைக்கோளான ‘ஸ்வோம்’ ஒரு வெடிப்பைப் பிடித்தது. செம்பெயர்ச்சி சுமார் 7.3. மூன்றரை மாதம் கழித்து ஜேம்ஸ் வெப் அங்கே திரும்பியது. ஏன் அவ்வளவு தாமதம்? அங்கே இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, சூப்பர்நோவா உச்சத்தில் இருக்கும் நேரம். அங்கே தெரிந்த ஒளி, பக்கத்துப் பிரபஞ்சத்தில் நாம் பார்த்துப் பழகிய சூப்பர்நோவாவைப் போலவே இருந்தது. ஆதிகாலத்து நட்சத்திரம் வேறு மாதிரி சாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். எனக்கு அந்த ஏமாற்றம் பிடித்திருந்தது. யார் பார்த்தது என்று கேட்டால் இதற்குப் பதில் இருக்கிறது.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, புளூமை முதலில் எடுங்கள். கடினமான பக்கங்களைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, கதை கையை விடாது. நூறு விளக்கங்கள் எப்படித் தோற்றன என்று பார்த்த பிறகு லோப்பிடம் போங்கள். அப்போது அவருடைய ஒவ்வொரு ‘எனவே’யும் எவ்வளவு அழகு, எவ்வளவு ஆபத்து என்று இரண்டும் சேர்ந்து தெரியும். தலைகீழாக வாசித்தால் அழகு மட்டும்தான் தெரியும்.

பம்ப் விஷயத்துக்குப் பிறகு எங்கள் பதிவேட்டில் நான் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். காரணம் எழுதும் கட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் என்ன தெரிந்தது, இன்னொன்றில் என்ன நினைக்கிறோம். இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடலாம் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். சுப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை, காலியாக இருந்தால் வேலை முடியாத மாதிரி இருக்கிறதாம். போன வாரம் நைட் ஷிப்டில் மூன்று மணிக்கு ஒரு அலாரம் வந்தது. பதினோரு விநாடி. முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு, இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.